மணமகள் அறையில் நான்காவது ஆட்டக்காரர்

காலை பதினொன்று பத்து. மணமகள் அறையின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை பொட்டுகள். நிலைக்கண்ணாடியின் ஓரம் நெடுக, எந்தெந்த முகூர்த்தத்துக்கோ வந்த பெண்கள் கழற்றி ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். மெரூன், கறுப்பு, கல் வைத்தது, கல் உதிர்ந்தது.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால், மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் குஷன் நாற்காலியில், ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். மஞ்சள் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்திருந்தாள். மடியில் போன். யாரோ ஒரு மணப்பெண் விட்டுப்போன பவுடர் டப்பாவிலிருந்து கொஞ்சம் தட்டி, இரண்டு கட்டைவிரல்களிலும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வேர்த்தா விரல் வழுக்கும்க்கா” என்றாள்.

பெயர் மாரிச்செல்வி. இன்னும் சிறிது நேரத்தில் இறுதிப் போட்டி. சுவருக்கு அந்தப் பக்கம், மண்டபத்து மேடையில், அவளுக்கு உரிய நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான்.

நூறு பேர், ஒரு தீவு

போன வருடம் ஆடித் தபசு முடிந்து, ரத வீதியில் போட்ட திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம் அது. செல்போன் கடை வைத்திருக்கும் வேலாயுதம் அண்ணாச்சியும் நண்பர்களும் கமிட்டி அமைத்து, ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, போனில் ஆடும் விளையாட்டுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். உள்ளூர் நிருபர் என்ற முறையில் எனக்கும் அழைப்பு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நூறு பேர் ஒரு தீவில் வந்து இறங்குவார்கள். நான்கு நான்கு பேராக அணி. கிடைக்கிற வீட்டில் புகுந்து துப்பாக்கி தேட வேண்டும். எதிரிகளைச் சுட வேண்டும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நிற்பவன் செத்துப்போவான். கடைசிவரை உயிரோடு நிற்கும் அணிக்கு வெற்றி.

ஆரம்பச் சுற்றுகளை அவரவர் வீட்டிலிருந்தே ஆடினார்கள். இறுதிக்கு வந்த அணிகள் மட்டும் நேரில் வந்து மேடையில் உட்கார வேண்டும்.

எல்லாச் சுற்றிலும் முன்னால் நின்றது இசக்கியின் அணி. இசக்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பைக் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவனும் இரண்டு கூட்டாளிகளும் ஒருவருக்கொருவர் பழக்கம். நான்காவது ஆளை மட்டும் அவர்கள் நேரில் பார்த்ததில்லை. ஆட்டத்தில் அந்த ஆளின் பெயர் ‘நாடா’. தறியில் ஊடை நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொண்டு ஓடும் கட்டைக்கு எங்கள் ஊரில் நாடா என்று பெயர். ஏதோ ஒரு தறிக்காரர் என்று முடிவு செய்து, மூன்று பேரும் மரியாதையாக ‘நாடா அண்ணன்’ என்று கூப்பிட்டுவந்தார்கள்.

மைக் அணைந்த தெருக்கள்

ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றாக ஆடியவரின் குரலை ஒரு முறைகூடக் கேட்காதது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

விசைத்தறி ஓடும் தெருவில் வாய்ப்பேச்சு கிடையாது. தறிக்கூடத்துக்குள் கையும் கண்ணும்தான் பேசும். இரண்டு விரலை ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. அந்தச் சத்தத்தில் ஒருவன் போன் மைக்கைத் திறந்தால், கூட ஆடுகிற மூன்று பேரின் காதும் போய்விடும். ஆகவே தறி வீட்டுப் பிள்ளைகள் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுவார்கள். சொல்ல வேண்டியதை வரைபடத்தில் மஞ்சள் குறி போட்டுச் சொல்வார்கள். இங்கே எதிரி, இங்கே மருந்து, இங்கே வா.

வேறு ஊராக இருந்தால், மைக்கைத் திறக்காத ஆள் மீது என்றாவது சந்தேகம் வந்திருக்கும். ‘பெண்ணாக இருக்குமோ’ என்று யாராவது நோண்டியிருப்பார்கள். நோண்டிய பிறகு என்ன மாதிரி வார்த்தைகள் வரும் என்பதை மாரிச்செல்வி எனக்குச் சொன்னாள். அவற்றை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. விளையாட ஆரம்பித்த புதிதில், தறி ஓடாத ஒரு மின்தடை நாளில், அவள் மைக்கைத் திறந்து ஒரே ஒரு சொல் பேசினாளாம். ‘வாங்க’ என்ற சொல். அதற்கு முகம் தெரியாத மூவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு மைக்கை அணைத்தவள்தான்.

பிறகு இசக்கியின் அணியில் சேர்ந்தாள். மற்றதைத் தறிச் சத்தம் பார்த்துக்கொண்டது.

கடை வாசல்

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு வீடியோ கேம் கடை வந்தது. சின்னச் சின்ன டிவிகள், மர பெஞ்சு, வாசலில் அழுக்கு நீலத் திரை. டியூஷன் முடிந்ததும் என் தம்பி உள்ளே போய்விடுவான். அவனுடைய பையையும் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் வீடு திரும்ப வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

நின்று நின்று, திரைக்கு உள்ளிருந்து வரும் சத்தத்தை வைத்தே எனக்கு ஆட்டம் விளங்க ஆரம்பித்தது. குதிக்கிற சத்தம் வேறு, காசு பொறுக்குகிற சத்தம் வேறு, சாகிற சத்தம் வேறு. தம்பி எப்போதும் ஒரே இடத்தில் செத்தான். குதிக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் குதித்தான். அதை அவனிடம் சொன்னபோது, பார்க்காமலே சொல்கிறாயே என்று சிரித்தான்.

ஒருநாள் துணிந்து திரையை விலக்கினேன். கடைக்காரர் எழுந்து வந்தார். திட்டவில்லை. “ஒனக்கு எதுக்கு பாப்பா, உள்ள பூராம் பயலுவல்லா இருக்கானுவ” என்றார். நான் கால் வலிக்க நிற்பதைப் பார்த்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வெளியே போட்டார். அதன்பிறகு அந்தக் கடை இருந்த வரைக்கும் அந்த ஸ்டூல் எனக்காக வெளியே கிடந்தது.

அவர் நல்ல மனிதர். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஸ்டூல் போட்டவரை என்ன செய்வது?

மாமா ஒருவர் மும்பையிலிருந்து வந்தபோது, செங்கல் அடுக்கும் கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். இரண்டு வாரம் அது எங்கள் இருவருக்கும் பொது. பிறகு பரீட்சை வந்தது. பரீட்சை இருவருக்கும்தான். நான் ஆடும் முறை வந்தால் மட்டும் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும்.

பல வருடம் கழித்து, நான் பகுதிநேர நிருபராக இருந்த நாளிதழின் மகளிர் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரை கேட்டார்கள். ‘பெண்களுக்கு ஏன் வீடியோ கேம் பிடிப்பதில்லை?’ கேள்வியிலேயே பதிலையும் வைத்துத் தைத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார் பக்கப் பொறுப்பாளர். கோலப்போட்டிச் செய்தி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சுடுகிற ஆட்டம் எல்லாப் பெண்களுக்கும் பிடிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. எல்லா ஆண்களுக்கும் பிடித்துவிடாது என்பதையும் பார்த்திருக்கிறேன். வேலாயுதம் அண்ணாச்சியிடம் அழைப்பிதழ் வாங்கப் போன அன்று, அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, ஒரே நிறப் பழங்களை வரிசையாகச் சேர்த்து உடைக்கும் ஆட்டத்தில் மூழ்கியிருந்தார். நான் வந்து நின்றது தெரிய நேரமானது. தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். இதே பழ ஆட்டத்தைத்தான் அவருடைய கமிட்டி ‘பெண்கள் பிரிவு’ என்று மாலை நிகழ்ச்சியில் வைத்திருந்தது.

வாசலில் நடந்தது

போட்டி நாள் காலை ஒன்பதரை மணிக்கு மாரிச்செல்வி தனியாக வந்தாள். மண்டப வாசலில் காத்திருந்த மூன்று பேரிடம் போய், போனைத் திருப்பி ‘நாடா’ என்ற தன் பெயரைக் காட்டினாள். நான் அருகில்தான் நின்றேன்.

இசக்கி போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

“அண்ணேன்னுல்லா கூப்பிட்டோம்” என்றான்.

“கூப்பிட்டீய. நானும் வந்தேம்லா.”

கூட்டாளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். இசக்கி சிரிக்கவில்லை. நாலு நாளைக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீதானா என்று ஆட்டத்தில் நடந்த ஏதோ ஒன்றைக் கேட்டான். அவள் தலையசைத்தாள்.  “வா, பேர் குடுப்போம்” என்று முன்னால் நடந்தான். அந்த இடத்தில் பிரச்சினை முடிந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன்.

கமிட்டி மேசையில் மீண்டும் ஆரம்பித்தது. பெண் கலந்துகொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துவைத்திருக்கிறேன். வேலாயுதம் அண்ணாச்சி அன்பாகத்தான் பேசினார்.

“அம்மாடி, ஒன்ன வேண்டாம்னு யாரு சொன்னா? அங்கன உள்ள பூராம் எளவட்டப் பயலுவ. விசிலடிப்பானுவ, போட்டோ எடுப்பானுவ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்லுதது?”

“எங்க அப்பா ஒண்ணும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி. சாயந்திரம் தார் சுத்த வந்துருன்னுதான் சொன்னாவ.”

தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக்கொடுப்பது அவள் வேலை. அண்ணாச்சிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. விசிலடிப்பவர்களை வெளியே அனுப்பலாமே என்று நான் கேட்டேன். அவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் என்றார்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. கமிட்டி கூடிப் பேசி, தாங்களே கண்டுபிடித்த யோசனை. மாரிச்செல்வி மணமகள் அறையில் பத்திரமாக உட்கார்ந்து அவள் போனில் ஆடட்டும். மேடையில் அவள் நாற்காலியில் அண்ணாச்சியின் அக்காள் மகன் செல்வம் ஒரு போனை வைத்துக்கொண்டு உட்காருவான். ஜெயித்தால் கோப்பையை நாலு பேராக வாங்கிக்கொள்வது, பிறகு அவளிடம் கொடுத்துவிடுவது. துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று சுற்றிப் பார்த்து, “அக்கா, நீங்க கொஞ்சம் கூட இருங்க” என்று என்னையும் உள்ளே அனுப்பினார்கள். செய்தி சேகரிக்க வந்த நிருபரை!

இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மறுத்தால் அணி வெளியே. ஒரு வருட ஆட்டம் வாசலோடு முடியும்.

“அந்த ரூம்ல நெட் எடுக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

சிறப்புரை

போட்டிக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் பேசினார். வெளியூரிலிருந்து வந்த உளவியல் ஆலோசகர். மணமகள் அறையின் சுவர் வழியாக ஒலிபெருக்கிச் சத்தம் ஒரு சொல் விடாமல் கேட்டது.

ஆணின் மூளை வேட்டைக்குப் பழகியது என்றார். இலக்கு, வேகம், போட்டி இவற்றில் ஆணுக்கு இயல்பாகவே இன்பம் இருக்கிறது. பெண்ணின் மூளை பராமரிப்புக்குப் பழகியது. ஆகவே அவளுக்குப் பழம் அடுக்குவதும் பொம்மைக்கு உடை மாற்றுவதும் பிடிக்கும். இந்த அரங்கத்தையே பாருங்கள், ஒரு பெண்கூட இல்லை, யாராவது வர வேண்டாம் என்றோமா, இல்லையே, அவர்களுக்கே ஆர்வமில்லை. கைதட்டல் வந்தது. செல்வமும் கைதட்டினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இருபது வருடமாக மேடைப் பேச்சுகளைக் குறிப்பெடுத்திருக்கிறேன். பொய்யைக் கேட்டுக் கோபப்படும் பழக்கம் எனக்கு என்றோ போய்விட்டது. அன்று வந்தது. அவர் சொன்னது பொய்கூட இல்லை. அரங்கத்தில் உண்மையிலேயே ஒரு பெண்ணும் இல்லை. இருந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டுபோய் ஓர் அறைக்குள் வைத்துவிட்டு, இல்லாததற்குக் காரணம் மூளை என்று சொன்னார்கள்.

மாரிச்செல்வி உரையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மின்விசிறி பவுடரைப் பறக்கடிக்கிறது, அணைத்துவிடலாமா என்று கேட்டாள். அணைத்தேன்.

கடைசி வட்டம்

ஆட்டம் தொடங்கியது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. தறி முன்னால் நிற்பவர்களின் பார்வை ஒன்று உண்டு. எதையும் உற்றுப் பார்க்காது, அறுகிற இழையை உடனே கண்டுவிடும். அந்தப் பார்வை.

அந்த அறையில் தறி இல்லை. விசிறியும் இல்லை. என் கைக்கடிகாரம் எனக்குக் கேட்டது.

அணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இசக்கியின் இரண்டு கூட்டாளிகளும் போனார்கள். கடைசி வட்டத்துக்குள் இசக்கி, நாடா, எதிரணியில் இரண்டு பேர். மண்டபத்தில் விசில் சத்தம். அணித்தலைவர்களின் போன்களை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள், ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வதை ஜனம் கேட்டு ரசிக்க வேண்டுமாம். இசக்கி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

மாரிச்செல்வி ஒரு பாறையின் மீது மஞ்சள் குறி போட்டாள். இசக்கி நகரவில்லை. மறுபடி போட்டாள்.

“குறி போடுதேன், பாக்க மாட்டுக்கான்” என்றாள். “அவன் கண்ணு ஜனத்து மேல இருக்கு.”

பாறைக்குப் பின்னால் இருந்தவன் இசக்கியை நோக்கி ஊர்ந்துவருவது எனக்கே தெரிந்தது. அவளுடைய இடது கட்டைவிரல் திரையின் ஓரத்தில், மைக் படத்துக்கு மேலே போய் நின்றது.

“பேசுனா தெரிஞ்சிரும்லாக்கா.”

 அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

அழுத்தினாள்.

“இசக்கி, ஜனத்தப் பாக்காத. ஒனக்கு எடப்பக்கம், பாறைக்குப் பின்னால ஒருத்தன் வாரான்.”

அவள் குரலை நான் இரண்டு முறை கேட்டேன். ஒன்று என் பக்கத்தில். மற்றொன்று, ஒரு கணம் பிந்தி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மண்டபம் முழுக்க. விசில் நின்றது. யாரோ ஒருவன், “ஏலே, மேடையில இருக்கவன் வாயே தொறக்கலியேல” என்றது தெளிவாகக் கேட்டது.

“குனி” என்றாள் மாரிச்செல்வி. “இன்னும் குனி. இப்ப சுடு.”

சுட்டான். இன்னொருவனை அவளே வீழ்த்தினாள். திரையில் வெற்றி என்று வந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, துப்பட்டா நுனியால் விரல்களைத் துடைத்தாள்.

முடிவு

நாங்கள் வெளியே வந்தபோது கமிட்டி கூடிப் பேசிக்கொண்டிருந்தது. அதிக நேரம் எடுக்கவில்லை. மேடையில் அமர்ந்தவர் ஆடவில்லை, ஆடியவர் மேடையில் அமரவில்லை, இது ஆள்மாறாட்டம், எனவே இசக்கியின் அணி நீக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டாவது வந்த அணிக்குக் கோப்பை.

இசக்கி மேடையை விட்டு இறங்கி வந்தான்.

“நீங்கதான அண்ணாச்சி அவள அங்கன உக்கார வச்சீய?”

“அது பிள்ளையோட பாதுகாப்புக்குச் சொன்னது, மக்கா. விதி வேறல்லா.”

“செல்வத்தை உக்கார வச்சது யாரு வே?”

‘அண்ணாச்சி’ என்ற மரியாதை ‘வே’ ஆனதும் இரண்டு பேர் வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் சிறப்பு விருந்தினரிடம் போய், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவளாக இருப்பாள் என்றார். இல்லை, ஒரே மகள் என்றேன். அப்படியானால் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

வாசலில் மாரிச்செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாங்கதான ஜெயிச்சோம்? எல்லாரும் பாத்தாவல்லா?” என்று கேட்டாள்.

“பாத்தாங்க” என்றேன்.

“சரிக்கா. வாரேன்.”

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, அந்தப் பெண் அழுவது மாதிரி படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் அழவில்லை என்றேன். மறுநாள் கோப்பை வாங்கிய அணியின் படம் வந்தது. கீழே நான்கு பெயர்கள்.

இந்த வருடப் போட்டிக்கான தட்டிகளைப் போன வாரம் கட்டினார்கள். விதிகளில் ஒன்று கூடியிருக்கிறது: ஆண்களுக்கு மட்டும். இசக்கியின் அணி பெயர் கொடுக்கவில்லை.